தானாக இன்சுலின் போடும் பம்பு: சேலம் பக்கம் யாராவது குழந்தைக்குப் போட்டிருக்கிறீர்களா?

அம்மாப்பேட்டை தறி

எல்லாருக்கும் வணக்கம். என் மகளுக்கு 9 வயது. இரண்டு வருடம் முன்பு டைப் 1 சர்க்கரை, அதாவது உடம்பில் இன்சுலின் சுரக்காத வகை என்று தெரிந்தது. ஒரு நாளைக்கு நாலு ஊசி. மூன்று வேளை சாப்பாட்டுக்கு முன்னால் ஒவ்வொன்று, ராத்திரி நீண்ட நேரம் வேலை செய்கிற இன்சுலின் ஒன்று. பகலில் எப்படியோ சமாளித்துவிடுகிறோம். ராத்திரிதான் பயம். 12 மணிக்கு நானும் 3 மணிக்கு என் மனைவியும் எழுந்து பாப்பாவின் விரலில் குத்திப் பார்க்கிறோம். போன மாதம் ஒரு நாள் இரண்டு பேருமே அசந்துவிட்டோம். விடிகாலையில் பார்த்தால் பாயெல்லாம் வேர்வை, கை நடுங்குகிறது, மீட்டரில் 46. நல்லவேளை, எழுப்பியதும் உட்கார்ந்துவிட்டாள். குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தோம். அன்றிலிருந்து எனக்கு ஒழுங்கான தூக்கமே இல்லை.

சென்சாரும் பம்பும் சேர்ந்து தானாகவே இன்சுலின் போடும் மெஷின் வந்திருக்கிறது என்று ஒருவர் சொன்னார். எனக்குத் தெரிந்த தானியங்கி என்றால் விசைத்தறிதான். ஊடை அறுந்தால் தறி தானாக நின்றுவிடும், அதுவரை நான் பக்கத்துத் தறியைப் பார்க்கலாம். அதே மாதிரி சர்க்கரை இறங்கினால் இந்த மெஷின் நின்றுவிடுமா? நாங்கள் தூங்கலாமா? வாங்கினால் கடன் வாங்கித்தான் வாங்க வேண்டும். அதனால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

அஞ்சு நிமிசம் (சூரமங்கலம்)

அண்ணா, நான் 19 வருடமாக டைப் 1. பம்பு போட்டு மூன்று வருடம் ஆகிறது. உங்கள் கேள்விக்கு முதலில் பதில்: நிற்கும். இறங்கும் வரை காத்திருக்காது, இறங்கப்போகிறது என்று கணக்கில் தெரிந்ததுமே குறைக்கும் அல்லது நிறுத்தும்.

மொத்தம் மூன்று பகுதி. தோலுக்கடியில் மெல்லிய இழை போல ஒரு சென்சார் உட்கார்ந்துகொண்டு 5 நிமிடத்துக்கு ஒரு முறை அளவு சொல்லும். இடுப்பில் இருக்கும் பம்பு சின்னக் குழாய் வழியாக இன்சுலினைச் சொட்டுச் சொட்டாக அனுப்பும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கணக்கு ஓடுகிறது. இப்போது எவ்வளவு, ஏறுகிறதா இறங்குகிறதா, ஏற்கெனவே போட்ட இன்சுலினில் இன்னும் எவ்வளவு உடம்பில் மிச்சம் இருக்கிறது, இதையெல்லாம் பார்த்து அடுத்த 5 நிமிடத்துக்கு எவ்வளவு விடலாம் என்று அது முடிவு செய்யும்.

ஆனால் உங்கள் தறி உதாரணத்தை வைத்தே ஒரு வித்தியாசம் சொல்லிவிடுகிறேன். தறியை நிறுத்தினால் அந்த இடத்திலேயே நிற்கும். இன்சுலின் அப்படி நிற்காது. பம்பை நிறுத்தினாலும் தோலுக்கடியில் ஏற்கெனவே போனது தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். நம் கணையம் இன்சுலினை நேராகக் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் விடுகிறது. அது சில நிமிடங்களில் வேலை செய்து சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். நாம் தோலுக்கடியில் போடுகிற வேகமான இன்சுலின்கூட வேலையைத் தொடங்கவே 10 முதல் 20 நிமிடம் ஆகும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் உச்சம், முழுதாகத் தீர நாலு மணி நேரம் மாதிரி. சென்சாரும் ரத்தத்தை அளப்பதில்லை. செல்களுக்கு நடுவில் உள்ள நீரை அளக்கிறது. அதனால் அது சொல்லும் எண் ரத்தத்துக்கு 5, 10 நிமிடம் பின்னால் இருக்கும். தாமதமாகத் தெரிந்துகொண்டு, தாமதமாக வேலை செய்கிற மருந்தை வைத்து ஓட்டுகிற வண்டி இது.

இதனால்தான் சாப்பாட்டை அதனால் தனியாகச் சமாளிக்க முடிவதில்லை. ஏறுவதைப் பார்த்த பிறகு இன்சுலின் விட்டால் சாப்பாடு முந்திக்கொள்ளும். சாப்பிடுவதற்கு முன்பு “இத்தனை கிராம் மாவுச்சத்து” என்று நாம்தான் பம்பில் போட வேண்டும். அந்த வேலை போகாது. ராத்திரியில் சாப்பாடு இல்லை, ஓட்டம் இல்லை, எல்லாம் மெதுவாகத்தான் மாறும். அந்த நேரத்தில் இது நம்மைவிட நன்றாகப் பார்த்துக்கொள்கிறது. நீங்கள் ராத்திரிக்காகக் கேட்கிறீர்கள் என்பதால் இதைத் தைரியமாகச் சொல்கிறேன்.

குகை கொலுசுப் பட்டறை

தறி அண்ணா, கடன் என்ற வார்த்தையைப் பார்த்ததால் எழுதுகிறேன். என் மகனுக்கு 14 வயது, 6 வயதிலிருந்து டைப் 1. பம்பு வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கடன் வாங்கி வாங்காதீர்கள் என்கிறேன். பம்பின் விலை லட்சங்களில். அதையாவது ஒரு தடவை கொடுத்துவிடலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் சென்சார், உடம்பில் மாட்டும் குழாய் செட், இன்சுலின் நிரப்பும் ரிசர்வாயர் என்று செலவு வந்துகொண்டே இருக்கும். வெள்ளி விலை ஏறி வேலை குறைந்த மாதத்தில் எங்கள் பட்டறையில் கூலி கொடுப்பதே சிரமம். அப்படி ஒரு மாதம் சென்சார் வாங்க முடியாவிட்டால் தானியங்கி வேலை நின்றுவிடும். அப்புறம் அது வெறும் பம்பு.

நாங்கள் என்ன செய்தோம் என்றால், ஊசி ஊசியாகவே இருக்கட்டும், சென்சார் மட்டும் வாங்குவோம் என்று முடிவு செய்தோம். 70-க்குக் கீழே போனால் என் போனில் அலாரம் அடிக்கும். ராத்திரி பயம் முக்கால்வாசி அதிலேயே போய்விட்டது. இன்சுலின் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. மிச்சப் பணம் சென்சாருக்குப் போகிறது. உங்களுக்கு வேண்டியது தூக்கம் என்றால் முதலில் அலாரம் வாங்குங்கள்.

ஃபேர்லேண்ட்ஸ் அம்மா

பட்டறை அண்ணா சொல்வதை மறுக்க முடியாது. ஆனால் அலாரம் எழுப்பிவிடும், அவ்வளவுதான். எழுந்த பிறகு வேலை நம்முடையதுதானே? சென்சார் மட்டும் இருந்த வருடத்தில் நான் ராத்திரிக்கு மூன்று தடவை எழுந்தேன். பம்பு வந்த பிறகு பல ராத்திரிகளில் அலாரமே அடிப்பதில்லை, அடிக்கும் நிலைமை வருவதற்குள் அதுவே குறைத்துவிடுகிறது. என் மகனுக்கு 12 வயது. சர்க்கரை 70-க்கும் 180-க்கும் நடுவில் இருக்கும் நேரம் பாதிகூட இல்லாமல் இருந்தது. இப்போது நாளில் 70 சதவீதத்துக்கு மேல். அந்த 70 சதவீதம்தான் பொதுவாக மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு, கிட்டத்தட்ட 17 மணி நேரம்.

ஒரு கெட்ட ராத்திரியையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் தப்பு. வாங்கி இரண்டாவது மாதம், தூங்குவதற்கு முன்பு செட் மாற்றினோம். தோலுக்கடியில் போகும் குழாய் முனை மடங்கியிருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை. பம்பு கணக்குப்படி இன்சுலின் விட்டுக்கொண்டே இருந்தது, உள்ளே போகவில்லை. சத்தம் கேட்டு எழுந்தபோது 340. ஏறியதை இறக்க பம்பு திருத்த இன்சுலின் போட்டதாகத் திரையில் காட்டியதால் இறங்கிவிடும் என்று நம்பிப் படுத்துவிட்டேன். காலையில் 400-க்கு மேல், வாந்தி, கீட்டோன் (இன்சுலின் இல்லாதபோது உடம்பில் சேரும் அமிலம்) பார்க்கும் ஸ்ட்ரிப் அடர்ந்த ஊதா. அவசரத்துக்குக் கொண்டுபோன இடத்தில் பம்பைப் பார்த்து இது என்ன என்று கேட்டார்கள். நான் அழுதுகொண்டே விளக்கினேன். இரண்டு நாள் டிரிப் ஏறியது. ராத்திரி வேளையில் செட் மாற்றியதால்தான் குழாய் மடங்கியது நேரத்தில் தெரியாமல் போனது. இப்போது நாங்கள் காலையில்தான் மாற்றுகிறோம், அடுத்த இரண்டு மூன்று மணி நேரம் விழித்துப் பார்க்க முடியும் அல்லவா?

செவிலி அக்கா (ஏற்காடு)

நான் சர்க்கரை நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். தினமும் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கி வருகிறேன். ஃபேர்லேண்ட்ஸ் அம்மா எழுதியதை ஒவ்வொரு வீட்டுக்கும் படித்துக்காட்ட வேண்டும் போல இருக்கிறது.

ஊசி போடும் குழந்தையின் உடம்பில் நீண்ட நேர இன்சுலின் ஒரு அடித்தளமாக எப்போதும் இருக்கும். பம்பில் வேகமான இன்சுலின் மட்டும்தான். குழாய் மடங்கினாலோ அடைத்தாலோ கழன்றாலோ சில மணி நேரத்தில் உடம்பில் இன்சுலினே இருக்காது. கீட்டோன் ஏறத் தொடங்கும். அதனால் எண் ஏறிக்கொண்டே போய், பம்பு போட்ட திருத்தத்துக்கும் இறங்கவில்லை என்றால், அடுத்த இன்சுலினைப் பேனா ஊசியில் போடுங்கள், செட்டைக் கழற்றிப் புதிதாக மாட்டுங்கள், கீட்டோன் பாருங்கள். பம்பின் திரையை அந்த நேரத்தில் நம்ப வேண்டாம். அது விட்டதைச் சொல்கிறது, உடம்பில் சேர்ந்ததை அதனால் சொல்ல முடியாது. பேனாவும் ஊசி முனைகளும் கீட்டோன் ஸ்ட்ரிப்பும் எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும், ஊருக்குப் போனாலும் பையில் இருக்க வேண்டும்.

தறி அண்ணாவுக்கு இன்னொன்று. பாப்பாவுக்கு 46 வந்தபோது எவ்வளவு குளுக்கோஸ் கொடுத்தீர்கள்? குழந்தைகளுக்கு எடையில் கிலோவுக்கு 0.3 கிராம் என்பது கணக்கு. 27 கிலோ என்றால் 8 கிராம், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். தானியங்கிப் பம்பு போட்ட குழந்தைக்கு பெரும்பாலும் அதைவிடக் குறைவே போதும், ஏனென்றால் இறங்குவதற்கு முன்பே பம்பு இன்சுலினை நிறுத்தியிருக்கும். பழைய பழக்கத்தில் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் 250-க்கு ஏறி, பம்பு அதற்குத் திருத்தம் போட்டு, மறுபடி இறங்கும். பல வீடுகளில் பார்க்கிறேன் இதை.

அம்மாப்பேட்டை தறி

அக்கா, மூன்று ஸ்பூன் குவித்துப் போட்டோம். எட்டு மணிக்கு 290. இப்போதுதான் ஏன் என்று புரிகிறது.

எல்லாரும் பொறுமையாக எழுதியதற்கு நன்றி. இன்னும் சில சந்தேகம். சாப்பாட்டை நாம்தான் போட வேண்டும் என்றால், எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு எப்படிக் கணக்கு? பாப்பாவுக்கு ஜவ்வரிசி உப்புமா பிடிக்கும். சாயங்காலம் தெருமுனையில் தட்டுவடை செட் கேட்பாள். மாம்பழ சீசனில் அவள் பாட்டி வீட்டில் மல்கோவா குவிந்து கிடக்கும், கொடுக்காமல் இருக்க மனசு வராது. அப்புறம் கரண்ட் போனால் பம்பு என்ன ஆகும்? மே மாதம் எங்கள் தறிக்கூடத்தில் கூரைக்குக் கீழே நிற்கவே முடியாது, இன்சுலின் கெட்டுப்போகாதா?

அஞ்சு நிமிசம் (சூரமங்கலம்)

கரண்ட் பிரச்சினை இல்லை அண்ணா. நான் வைத்திருக்கும் மெட்ரானிக் 780ஜி சாதாரண டபுள் ஏ அளவுப் பேட்டரி ஒன்றில் ஓடுகிறது. சென்சாரோடு ஒட்டும் டிரான்ஸ்மிட்டரை மட்டும் சென்சார் மாற்றும்போது சார்ஜ் செய்ய வேண்டும். நான் வாங்கியபோது 7 வயதிலிருந்து போடலாம், ஒரு நாளைக்கு மொத்தம் குறைந்தது 8 யூனிட் இன்சுலின் தேவைப்பட வேண்டும் என்று இருந்தது. இலக்கு 100, 110, 120 என்று மூன்றில் ஒன்றை வைக்கலாம். பாப்பாவுக்கு எது என்று அவள் மருத்துவர் சொல்லட்டும்.

வெயில் உண்மையான பிரச்சினை. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும், உறைந்துவிடக் கூடாது. பம்பில் இருப்பது உடம்பை ஒட்டியே இருக்கிறது, நம் ஊரில் ஏப்ரல், மே மாதம் 40 டிகிரியைத் தொடும். நான் ரிசர்வாயரைக் கொஞ்சமாக நிரப்பி அடிக்கடி மாற்றுகிறேன், வண்டியில் போகும்போது பம்பை சட்டைக்குள் விட்டுக்கொள்கிறேன். வண்டி டேங்க் கவரில் பேனாவை வைக்கவே கூடாது. காரணமில்லாமல் இரண்டு நாள் எண் ஏறிக்கொண்டே இருந்தால் எனக்கு முதல் சந்தேகம் இன்சுலின் மேல்தான்.

சாப்பாடு. இதில்தான் நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டும், பம்பு வாங்குவதற்கு முன்பே. சமையலறையில் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வையுங்கள். வெந்த சாதம் 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. மாம்பழச் சதை 100 கிராமில் சுமார் 15. ஆக ஒரு சின்னக் கிண்ணம் மல்கோவா தாராளமாகக் கொடுக்கலாம், முன்கூட்டியே போலஸ், அதாவது அந்தச் சாப்பாட்டுக்கான இன்சுலின் போட்டால் போதும். ஜவ்வரிசிதான் கடினம். மரவள்ளி மாவிலிருந்து நாரும் புரதமும் போய் வெறும் மாவுச்சத்து மட்டும் நிற்பதுதான் ஜவ்வரிசி, உலர்ந்த நிலையில் 100 கிராமில் 85 கிராமுக்கு மேல் அதுவே. ஊற வைத்து உப்புமா ஆனதும் எடை ஏறிவிடும். அதனால் ஊறப்போடும் முன்பே எடை பார்த்து, எத்தனை பேருக்குப் பிரிக்கிறீர்களோ அத்தனையால் வகுத்துக்கொள்ளுங்கள். நிலக்கடலை நிறையப் போட்டால் ஏற்றம் கொஞ்சம் மெதுவாகும். நான் அதற்கு 15, 20 நிமிடம் முன்பே போலஸ் போட்டுவிடுவேன்.

தட்டுவடை செட் எனக்கும் உயிர். கடையில் கேரட்டும் பீட்ரூட்டும் சட்னியும் வைத்துத் தருவதில் கணக்குக்கு முக்கியம் அந்தத் தட்டைதான். ஒரு நாள் ஒரு பாக்கெட் தட்டை வாங்கி வீட்டில் எடை போட்டுப் பார்த்தேன், அதற்குப் பிறகு எத்தனை செட் என்று எண்ணினால் போதும். எண்ணெயில் பொரித்தது என்பதால் சர்க்கரை தாமதமாக ஏறும். அந்தத் தாமத ஏற்றத்தைப் பம்பு அழகாகப் பிடித்துக்கொள்கிறது. ஊசியில் இருந்தபோது தட்டுவடை சாப்பிட்ட ராத்திரியெல்லாம் எனக்கு 11 மணிக்கு 240 வரும்.

சாப்பாட்டுக்கு முன்பு போலஸ் போட மறந்துவிட்டால், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து முழு அளவையும் போடாதீர்கள். அதற்குள் ஏற்றத்தைப் பார்த்துப் பம்பு தானாகவே கொஞ்சம் விட்டிருக்கும். இரண்டும் சேர்ந்து கீழே தள்ளிவிடும்.

காப்பித் தோட்டம்

ஏற்காட்டில் தோட்ட வேலை. டைப் 1, பம்பு. இங்கே சரிவில் ஏறி இறங்குவதே பெரிய உடற்பயிற்சி. காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் காலையில் வழக்கமான அளவு இன்சுலினோடு கிளம்பினால் பத்து மணிக்குக் கண் இருட்டும். பம்பு நிறுத்தினாலும் போதாது, அஞ்சு நிமிசம் சொன்னாரே, ஏற்கெனவே போனது ஓடும் என்று, அதேதான். நடக்கப் போவதற்கு ஒரு மணி நேரம், முடிந்தால் இரண்டு மணி நேரம் முன்பே இலக்கை 150 என்று தற்காலிகமாக ஏற்றிவிடுவேன். வேலை முடிந்த பிறகும் ராத்திரி வரை இன்சுலின் உடம்பில் கூடுதலாக வேலை செய்யும். பாப்பா பள்ளியில் விளையாட்டு வகுப்பு என்றால் இதே கணக்கு.

குளிரில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த இன்சுலினை உடனே ரிசர்வாயரில் நிரப்பாதீர்கள். சூடாகும்போது காற்றுக்குமிழி வரும். குமிழி போகிற நேரம் இன்சுலின் போகாது. அறை வெப்பத்துக்கு வந்த பிறகு நிரப்புங்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே வந்ததும் குழாயை ஒரு தடவை வெளிச்சத்தில் பார்ப்பது என் வழக்கம்.

அன்னதானப்பட்டி கோடிங்

கல்லூரியில் கணினி படிக்கிறேன், தங்கைக்கு டைப் 1. இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது தறி அண்ணா மாதிரியே பெற்றோர்கள் செய்தது நிறைய இருக்கிறது. 1970-களில் பயோஸ்டேட்டர் என்று ஒரு மெஷின் வந்தது. கட்டில் பக்கத்தில் வைக்கும் பெரிய பெட்டி, ரத்தத்தை எடுத்து எடுத்து அளந்து இன்சுலினோ குளுக்கோஸோ ஏற்றும், மருத்துவமனையில் மட்டும்தான். இப்போது நாம் பேசுகிற, சாப்பாட்டை மட்டும் நாம் சொல்ல வேண்டிய கலப்புத் தானியங்கிப் பம்பில் முதலாவதுக்கு அமெரிக்காவில் 2016-ல்தான் அனுமதி கிடைத்தது.

அதற்கு முன்பே 2013-ல் ஜான் காஸ்டிக் என்ற அப்பா, பள்ளியில் இருக்கும் தன் சின்ன மகனின் சென்சார் எண்ணை வேலை செய்யும் இடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று தானே மென்பொருள் எழுதினார். சென்சார் எண்ணைத் தூரத்திலிருந்து பார்க்க உதவும் நைட்ஸ்கவுட் என்ற மென்பொருள் அதிலிருந்து வளர்ந்தது. டேனா லூயிஸ் என்ற பெண்ணுக்கு சென்சார் அலாரம் சத்தம் தூக்கத்தில் கேட்கவே கேட்காது. அலாரத்தைப் பெரிதாக்கத் தொடங்கி, கடைசியில் பம்பையே தானாக ஓட்டும் நிரலாக அது வளர்ந்தது. 2015-ல் ஓபன்ஏபிஎஸ் என்று எல்லாருக்கும் இலவசமாக வெளியிட்டார்கள். ராத்திரித் தூக்கத்துக்காக ஆரம்பித்த வேலை இது. நானும் தங்கைக்கு, அதே மாதிரி ஆண்ட்ராய்டு போனில் ஓடும் ஆண்ட்ராய்டுஏபிஎஸ் செய்து கொடுக்கலாமா என்று படித்துக்கொண்டிருக்கிறேன்.

செவிலி அக்கா (ஏற்காடு)

தம்பி, உன் ஆர்வம் பெரிய விஷயம். அந்த நிரல்களை நம்பி ஆயிரக்கணக்கானவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்பதும் உண்மை. தங்கையின் மருத்துவருக்குத் தெரியாமல் மட்டும் தொடங்காதே. அவர் வேண்டாம் என்றால் ஏன் என்று கேள், வரைபடங்களைக் காட்டு, பேசு. தப்பு நடந்தால் கேட்பதற்கு நிறுவனம் கிடையாது, உன் தங்கையும் நீயும்தான்.

ஓய்வு வாத்தியார் (அஸ்தம்பட்டி)

எனக்கு டைப் 2, 22 வருடம், இப்போது இன்சுலின். எங்களைப் போன்றவர்களுக்கு இது உண்டா?

செவிலி அக்கா (ஏற்காடு)

உண்டு ஐயா. ஆம்னிபாட் 5 என்ற பம்புக்கு 2024-ல் அமெரிக்காவில் டைப் 2 பெரியவர்களுக்கும் அனுமதி கொடுத்தார்கள். ஆனால் மாத்திரையும் நாளுக்கு ஒன்றிரண்டு ஊசியுமாக இருப்பவர்களுக்கு இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. நீங்கள் எந்த இன்சுலின், எத்தனை வேளை என்று தனியாக எழுதுங்கள்.

குகை கொலுசுப் பட்டறை

ஃபேர்லேண்ட்ஸ் அம்மா எழுதியதை என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். “அலாரம் எழுப்பிவிடும், எழுந்த பிறகு வேலை நம்முடையதுதானே” என்ற வரியில் அவள் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய்விட்டாள். எட்டு வருடமாக ராத்திரி எழுவது பெரும்பாலும் அவள்தான். மகனுக்கும் பம்பு வேண்டுமா என்று அவனிடமே கேட்கப்போகிறேன். கடன் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. வாங்கும் விலையோடு இரண்டு வருட மாதச் செலவையும் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், தறி அண்ணா.

அம்மாப்பேட்டை தறி

கூட்டிப் பார்த்தேன் அண்ணா. இப்போதைக்கு முடியாது. ஆறு மாதம் சென்சார் மட்டும். தராசு வாங்கிவிட்டேன், நேற்று ஜவ்வரிசியை ஊறப்போடும் முன்பே எடை போட்டோம், பாப்பாதான் எண்ணைப் படித்து நோட்டில் எழுதினாள். இந்த ஆறு மாதத்தில் கணக்கு கை வந்துவிட்டால், இரண்டு தறியில் ஒன்றை விற்றாவது பம்பு என்று வீட்டில் பேசியிருக்கிறோம். அதற்கு முன்னால் ஒரு தடவை நேரில் பார்க்க முடியுமா? பாப்பா ரொம்பப் பயப்படுகிறாள், குழாய் எப்போதும் உடம்பில் இருக்குமா, குளிக்கும்போது என்ன செய்வது, பள்ளியில் மற்ற பிள்ளைகள் இழுப்பார்களா என்று.

ஃபேர்லேண்ட்ஸ் அம்மா

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு வாங்கண்ணா, பாப்பாவோடும் அவள் அம்மாவோடும். அன்றைக்குத்தான் செட் மாற்றும் நாள், கழற்றுவதையும் மாட்டுவதையும் பார்க்கலாம். குளிக்கும்போது கழற்றி வைத்துவிடலாம் என்று என் மகனே அவளுக்குச் செய்து காட்டுவான். பள்ளியில் யாரும் இழுத்ததில்லை. பனியனுக்கு உள்ளே ஒரு துணிப் பை தைத்துக் கொடுத்திருக்கிறேன், அதில் பம்பு உட்கார்ந்துகொள்ளும். வகுப்பு டீச்சருக்கு மருத்துவரின் கடிதம் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள், பையில் குளுக்கோஸும் போனும் இருக்கும் என்று. சிபிஎஸ்இ 2017-லேயே டைப் 1 பிள்ளைகள் தேர்வு அறைக்குள் தின்பண்டம் எடுத்துப்போக அனுமதித்துவிட்டது, வேறு பள்ளி என்றாலும் அதைச் சொல்லிக் கேட்கலாம்.

அம்மாப்பேட்டை தறி

பதினோரு மணிக்கு வருகிறோம்மா. சாப்பாட்டு நோட்டையும் கொண்டுவருகிறேன், தப்பு இருந்தால் திருத்திக் கொடுங்கள். அந்தப் பைக்கு எவ்வளவு துணி வேண்டும் என்று சொன்னால் எங்கள் தறியில் நெய்ததையே எடுத்துவருகிறேன். மயில் நீலம் வேண்டுமாம்.

ஃபேர்லேண்ட்ஸ் அம்மா

அரை மீட்டர் போதும். இடுப்பு அளவு எடுத்து வாருங்கள்.